ஓட்ட முடியும்போதே விற்றுவிடுங்கள்!

பிரிட்டனில் ஒரு தலைமுறையின் கார் ஷெட்கள் காலியாகிக்கொண்டிருக்கின்றன. கையில் சம்பளம் புரள ஆரம்பித்த வயதில் ஆசைப்பட்டு வாங்கிய இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் காரை, எழுபதைத் தாண்டியவர்கள் இப்போது விற்பனைக்குக் கொண்டுவருகிறார்கள். துணிக் கூரையை மடக்கிப் பின்னால் தள்ளிவிட்டு, காற்று முகத்தில் அறைய ஓட்டிய கார். குழந்தை பிறந்தபோதே விற்றிருக்க வேண்டும், விற்கவில்லை. வீட்டுக் கடன் கழுத்தை நெரித்தபோதும் விற்கவில்லை. இப்போது விற்க வைப்பது பணமுடை அல்ல, முழங்கால்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இந்தக் கார்களில் சீட் கிட்டத்தட்ட தரையோடு தரையாக இருக்கும். ஏறி உட்காருவது என்ற பேச்சே இல்லை, இறங்கித்தான் உட்கார வேண்டும். இறங்குவதாவது பரவாயில்லை, எழுந்து வெளியே வருவதுதான் பாடு. ஒரு கை கதவில், ஒரு கை முன் கண்ணாடிச் சட்டத்தில், வலது கால் வெளியே, இடது கால் ஸ்டீயரிங்குக்கு அடியில் மாட்டிக்கொண்டு. மூட்டு மாற்று ஆபரேஷன் செய்துகொண்டவருக்கு இது நடக்கிற காரியம் இல்லை. பவர் ஸ்டீயரிங்கும் கிடையாது. காரை ரிவர்ஸ் எடுத்து ஷெட்டுக்குள் விடுவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும்.

இப்படிச் சந்தைக்கு வரும் கார்களில் அதிகம் கண்ணில் படுவது எம்.ஜி.பி. ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கே ஆபிங்டன் என்ற சிற்றூரில் 1962-ல் ஆரம்பித்து 1980 அக்டோபர் வரை தயாரானது. மூடிய கூரை கொண்ட ஜி.டி. மாடலையும் சேர்த்தால் ஐந்து லட்சத்துக்கு மேல். அதில் பெரும்பகுதி கப்பலேறி அமெரிக்கா போனது. பணக்காரர்களின் பொம்மையாக இதை யாரும் நினைத்ததில்லை. பள்ளி ஆசிரியரும் வங்கி குமாஸ்தாவும் தவணையில் வாங்க முடிந்த ஸ்போர்ட்ஸ் கார் இது. அதனால்தான் இத்தனை பேரிடம் இத்தனை காலம் தங்கியது.

நமக்கும் இதில் ஒரு ஒட்டுறவு உண்டு. அம்பாசடர் காரைப் பிரித்துப் பூட்டிய மெக்கானிக் யாரிடமாவது எம்.ஜி.பி.யின் பானெட்டைத் திறந்து காட்டினால், "இது நம்ம வண்டியாச்சே" என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு வேலையில் இறங்கிவிடுவார். அம்பாசடரில் பல காலம் இருந்த 1,489 சி.சி. பெட்ரோல் இன்ஜினும், எம்.ஜி.பி.யின் 1,798 சி.சி. இன்ஜினும் பி சீரிஸ் என்ற ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். இரண்டையும் பெற்றது பி.எம்.சி. என்ற பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன். அண்ணன், அம்பாசடர் தயாரான உத்தரபாரா வழியாகக் கல்யாண ஊர்வலத்துக்கும் கலெக்டர் ஆபீஸுக்கும் உழைக்கப் போனான். தம்பிக்கு இரட்டை கார்பரேட்டரைப் பொருத்தி ஊர் சுற்ற விட்டார்கள். இன்று நம் சாலைகளில் ஓடும் ஹெக்டர் காரின் முகப்பிலும் அதே எட்டு மூலை எம்.ஜி. முத்திரைதான். ஆனால் பெயரைத் தவிர பழைய ஆபிங்டனோடு அதற்கு உறவு இல்லை. முத்திரை இப்போது சீனாவின் சாயிக் நிறுவனத்தின் கையில்.

விஷயத்துக்கு வருவோம். நெடுநாள் வைத்து, நன்றாக ஓட்டி, தேய்த்த ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரை எப்போது விற்பது, எப்படி விற்பது? என் கட்சி இதுதான்: உரிமையாளர் அதை ஓட்ட முடிகிற நிலையில் இருக்கும்போதே விற்க வேண்டும். பாசத்தால் தள்ளிப்போடுகிறவர் காருக்கும் நல்லது செய்வதில்லை, பணப்பைக்கும் செய்வதில்லை.

காரணம் எளிமையானது. ஓடுகிற பழைய கார் கெட்டுப்போவதைவிட நிற்கிற பழைய கார் வேகமாகக் கெட்டுப்போகும். "அடுத்த வெயில் காலத்தில் எடுக்கலாம்" என்று போர்வையைப் போர்த்தி மூடிவைத்த காரை இரண்டு வருடம் கழித்துத் திறந்து பாருங்கள். பிரேக் சிலிண்டரின் பிஸ்டன் துருப்பிடித்து இறுகியிருக்கும். கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொண்டிருக்கும். டேங்கில் கிடந்த பெட்ரோல் வாடை மாறி, கார்பரேட்டருக்குள் அரக்குப்போல் படிந்திருக்கும். டயர், வண்டி நின்ற இடத்தில் தட்டையாகிப்போயிருக்கும். சீட்டுக்குள் எலி குடும்பம் நடத்தியிருந்தாலும் ஆச்சரியமில்லை. வெளியே பெயின்ட் மட்டும் பளபளக்கும். இப்படி நின்ற காரை வாரிசுகள் விற்க நேரும்போது, எதைக் கேட்டாலும் "அப்பாவுக்குத்தான் தெரியும்" என்ற பதிலே வரும். வாங்க வந்தவர் அந்த ஒரு வாக்கியத்துக்கே விலையில் பெரிய துண்டை வெட்டிவிடுவார். வெட்டுவதில் தப்பும் இல்லை.

ஓட்டத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை என்பதற்கு உலகறிந்த சாட்சி இர்வ் கோர்டன். அமெரிக்காவின் லாங் ஐலண்டில் இருந்த இந்த அறிவியல் ஆசிரியர் 1966-ல் புதிதாக வாங்கிய வால்வோ பி1800 காரில் 2013-ல் 30 லட்சம் மைலைத் தொட்டார். அது கூரை மடங்கும் கார் இல்லை. ஆனால் அதே அறுபதுகளின் ஸ்போர்ட்ஸ் கார். அவர் வித்தை எதுவும் செய்யவில்லை. ஆயிலை வேளைக்கு மாற்றினார், கார் கம்பெனி புத்தகத்தில் சொன்னபடி சர்வீஸ் செய்தார், தினமும் ஓட்டினார். 2018-ல் இறக்கும்வரை அந்தக் கார் அவரிடமே இருந்தது.

எம்.ஜி.பி.யின் மைல் மீட்டரில் முழு மைலுக்கு ஐந்து இலக்கம்தான். 99,999-ஐத் தாண்டினால் மறுபடி சைபர். ஆகவே மீட்டர் 34,000 காட்டுகிறது என்றால் அது 34,000-ஆக இருக்கலாம், 1,34,000-ஆக இருக்கலாம், அதற்கும் மேல் ஒரு சுற்று போயிருக்கலாம். விளம்பரத்தில் "குறைந்த ஓட்டம்" என்று போடுகிறவர் கையில் அதற்குக் காகிதம் இல்லையென்றால் அந்த வரிக்கு மதிப்பே இல்லை. காகிதத்தோடு வரும் அதிக ஓட்டம், காகிதமில்லாத குறைந்த ஓட்டத்தைவிட எவ்வளவோ மேல்.

துரு எங்கே ஒளிந்திருக்கிறது?

இன்ஜினைப் பற்றி விற்பவர் வாய் வலிக்கப் பேசுவார். விவரம் தெரிந்த ஆள் அதைக் காதில் வாங்கிக்கொண்டே தரையில் மண்டியிடுவார். எம்.ஜி.பி.யின் உயிர் இன்ஜினில் இல்லை. கதவுக்குக் கீழே, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே பெட்டிபோல் ஓடும் இரும்புத் தகட்டில் இருக்கிறது. இதை அங்கே சில் என்கிறார்கள். இதற்கு முந்தைய எம்.ஜி.ஏ. காருக்குத் தனிச் சேசிஸ் உண்டு. பாடி அதன்மேல் உட்கார்ந்திருக்கும். எம்.ஜி.பி.யில் பாடியே சேசிஸ். கூரையும் இல்லாததால் காரின் நடுமுதுகைத் தாங்கும் பாரமெல்லாம் இந்த சில்லின்மேல்தான் விழுகிறது. அது வெளித் தகடு, நடுத் தகடு, உள் தகடு என்று அடுக்காக இருக்கும். அதற்குள் தண்ணீர் புகுந்தால் உள்ளிருந்து அரிக்கும். வெளியே தெரியும்போது கதை முடிந்திருக்கும்.

வந்தவர் என்ன செய்வார் பாருங்கள். பெயின்டில் கீறல் விழாமல் இருக்கக் கைக்குட்டையில் ஒரு சின்னக் காந்தத்தைச் சுற்றி, சில்லின்மேல் அங்குலம் அங்குலமாக வைத்துப் பார்ப்பார். பட்டி பார்த்த இடத்தில் காந்தம் பிடிக்காமல் நழுவும். அடுத்து, கதவுக்கும் பின்பக்கப் பாடிக்கும் இடையில் உள்ள சந்தை விரலால் அளப்பார். மேலே அகலமும் கீழே அகலமும் ஒன்றாக இருக்க வேண்டும். பிறகு "ஜாக்கி இருக்கா?" என்பார். காரை ஒரு பக்கம் தூக்கும்போது அவர் கண் சக்கரத்தில் இருக்காது, அந்தச் சந்தில் இருக்கும். தூக்கத் தூக்க சந்து மாறினால் பாடி வளைகிறது என்று அர்த்தம். அதற்குமேல் இன்ஜின் பாட்டுப் பாடினாலும் அவர் விலையை ஏற்றிக் கேட்க மாட்டார்.

அழுகிய உள் தகட்டை அப்படியே விட்டு, மேலே புதுத் தகட்டை வைத்து வெல்டிங் அடித்து, பட்டி தேய்த்து, பெயின்ட் அடித்து விற்ற கார்கள் ஏராளம். நெடுநாள் உரிமையாளருக்கு இங்கேதான் ஒரு பலம் இருக்கிறது. தன் காரில் அந்த வேலை எந்த வருடம் நடந்தது, முழுசாகப் பிரித்துச் செய்ததா மேல்பூச்சா என்பது அவருக்குத் தெரியும். வெல்டிங் நடந்தபோது தகட்டைப் பிரித்துப்போட்ட நிலையில் எடுத்த நாலு போட்டோ கையில் இருந்தால், புது பெயின்டைவிட அவைதான் விலையைத் தூக்கிப் பிடிக்கும். விற்பதற்கு முன்னால் பெயின்ட் அடிப்பது பல நேரம் தண்டச் செலவு. விவரம் தெரிந்தவர் புது பெயின்டைக் கண்டால், எதை மறைக்கிறார்கள் என்றுதான் தேடுவார்.

இந்தக் காருக்கு ஒரு விசித்திரமான வசதியும் உண்டு. 1988-ல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் என்ற நிறுவனம், தேடிப்பிடித்த பழைய அச்சுகளைக்கொண்டு எம்.ஜி.பி.யின் முழுப் பாடியையும் புதிதாகச் செய்து விற்க ஆரம்பித்தது. உற்பத்தி நின்று எட்டு வருடம் கழித்து! சின்ன ரப்பர் வாஷரிலிருந்து முழுப் பாடிவரை இந்தக் காருக்குக் கிடைக்காத பொருள் அநேகமாக இல்லை. அதனால் எம்.ஜி.பி. சாக வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. ஆனால் அந்தப் புதுப் பாடி மட்டும் பத்தாயிரம் பவுண்டைத் தாண்டும். ஓடிக்கொண்டிருக்கும் முழு எம்.ஜி.பி. பல அதைவிடக் குறைந்த விலைக்குக் கைமாறுகின்றன. அழுகிய பாடியை மாற்றிச் சீர்செய்து விற்று லாபம் பார்க்கலாம் என்று கணக்குப் போடுகிறவர் இந்த இரண்டு வரியையும் சேர்த்து ஒருமுறை படிக்க வேண்டும்.

செலவழித்த கணக்கு வேறு, விலை வேறு

நெடுநாள் உரிமையாளர் விலை சொல்லும்போது மனசுக்குள் ஒரு கூட்டல் ஓடும். கியர்பாக்ஸ் ஓவர்ஹால் இவ்வளவு, புதுக் கூரை இவ்வளவு, ஸ்போக் வீல் ஐந்து இவ்வளவு, சீட் தோல் இவ்வளவு. மொத்தத்தைப் பார்த்தால் தலை சுற்றும். அந்தத் தொகை திரும்பாது. அது அவர் ஓட்டி அனுபவித்ததற்கான செலவு. ஏற்கெனவே கணக்குத் தீர்ந்துவிட்டது. வாங்குகிறவர் பார்ப்பது இன்று இதே போன்ற இன்னொரு கார் என்ன விலைக்குக் கிடைக்கும் என்பதை மட்டும்தான். கிடைக்கிறது, தாராளமாகவே கிடைக்கிறது. ஒரே வயதுக்காரர்கள் ஒரே சமயத்தில் விற்கிறார்கள் அல்லவா?

வருடமும் விலையைப் பிரிக்கும். அமெரிக்காவின் பம்பர் விதிகளுக்காக 1974-ன் பிற்பகுதியில் பளபளத்த குரோமியப் பம்பரை எடுத்துவிட்டுக் கறுப்பு ரப்பர் பம்பரை மாட்டினார்கள். காரின் உயரத்தையும் கூட்டினார்கள். வளைவுகளில் சாய்ந்தது, அழகு போனது என்று அன்றைக்கே புலம்பல். இன்றுவரை குரோமியப் பம்பர் கார்தான் கூடுதல் விலை போகிறது. ஓட்டுவதற்கு மட்டும் கார் தேடுகிறவர் ரப்பர் பம்பரை எடுத்துக்கொண்டு மிச்சப் பணத்தில் பெட்ரோல் போடலாம் என்பேன், இதை எம்.ஜி. சங்கக் கூட்டத்தில் உரக்கச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள்.

அடுத்த போட்டி ஜப்பானிலிருந்து. 1989-ல் மாஸ்டா எம்.எக்ஸ்-5 வந்தது. பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் அதே இலக்கணம்: முன்னால் இன்ஜின், பின் சக்கர ஓட்டம், இரண்டு சீட், மடக்கும் கூரை. தரையில் ஆயில் சொட்டாது, மழை நாளிலும் ஸ்டார்ட் ஆகும். கூரையில்லாமல் குறைந்த செலவில் ஊர் சுற்றினால் போதும் என்கிறவர் அதை வாங்கிக்கொள்கிறார். எம்.ஜி.பி.யைத் தேடி வருகிறவருக்கு எம்.ஜி.பி.யே வேண்டும். ஆள் குறைவு, ஆனால் வருகிறவர் விவரமானவர்.

வரி விஷயத்தில் ஒரு வேடிக்கை. பிரிட்டிஷ் சட்டப்படி தனியார் பயன்பாட்டுக் கார் தேய்ந்துபோகும் சொத்து வகையைச் சேர்ந்தது. அதை விற்று லாபம் வந்தாலும் மூலதன ஆதாய வரி இல்லை. வாங்கிய விலையைவிடப் பல மடங்குக்கு விற்றாலும் அரசாங்கம் கண்ணை மூடிக்கொள்ளும். பராமரித்த செலவைக் கழித்துப் பார்த்தால் லாபம் என்று ஒன்று மிஞ்சுமா என்பது விற்றவருக்குத்தான் வெளிச்சம்.

காகிதங்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ரசீது, பழைய சர்வீஸ் சீட்டு, பார்ட்ஸ் பில் எல்லாவற்றையும் தேதிவாரியாக ஒரு ஃபைலில் அடுக்க வேண்டும். பையில் கொட்டிக் கொடுப்பதற்கும் ஃபைலாகக் கொடுப்பதற்கும் விலையில் வித்தியாசம் தெரியும். கேடன் என்ற ஊரில் இருக்கும் பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தில் ஆபிங்டன் தொழிற்சாலையின் பதிவேடுகள் இருக்கின்றன. கட்டணம் கட்டினால் காரின் தயாரிப்புத் தேதி, முதல் நிறம், இன்ஜின் நம்பர், முதலில் அனுப்பப்பட்ட ஊர் முதலிய விவரங்களோடு சான்றிதழ் தருவார்கள். சிவப்பாக நிற்கும் கார் பிறக்கும்போது பச்சை என்று அதில்தான் தெரியவரும். தெரிந்ததை மறைக்காமல் விளம்பரத்திலேயே எழுதிவிடுவது உத்தமம்.

2018 மே 20 முதல், நாற்பது வயதைத் தாண்டிப் பெரிய மாற்றம் செய்யப்படாத கார்களுக்கு வருடாந்தரத் தகுதிச் சோதனை அங்கே கட்டாயமில்லை. அந்தச் சோதனையை எம்.ஓ.டி. என்பார்கள், நம் ஊர் எஃப்.சி. மாதிரி. கட்டாயமில்லை என்றதும் பலர் விட்டுவிட்டார்கள். விற்கப்போகிறவர் இதைச் செய்யக் கூடாது. சோதனை முடிவுகளும் ஓடிய மைலும் 2005 முதல் இணையத்தில் யாரும் பார்க்கும்படி இருக்கின்றன. வருடம் தவறாமல் சோதனைக்குப் போய்வந்த காரின் வரலாறு அங்கே பொதுச் சாட்சியாக நிற்கும். 2018-க்குப் பிறகு வெற்றிடம் என்றால் வாங்குகிறவர் கேள்வி கேட்பார். வெளியாள் ஒருவர் ஜாக்கியில் ஏற்றிப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட சீட்டு, விற்பவர் வாயால் சொல்லும் நூறு வார்த்தைக்குச் சமம்.

பெட்ரோலைப் பற்றி வாங்குகிறவர் இரண்டு கேள்வி கேட்பார். ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ம் ஆண்டோடு அங்கே பங்க்குகளிலிருந்து போய்விட்டது. அதற்கேற்ப சிலிண்டர் ஹெட்டில் கடினமான வால்வ் சீட் போட்டாயிற்றா? 2021-ல் பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்த இ10 வந்தது. பழைய ரப்பர் ஹோஸ்களை மாற்றியாயிற்றா? எத்தனால் பழைய ரப்பரைத் தின்னும். ஆமாம் என்று சொல்லி பில்லைக் காட்டினால் பேச்சு அடுத்த கட்டத்துக்குப் போகும்.

பிறகு டெஸ்ட் டிரைவ். காலையிலேயே இன்ஜினைச் சூடேற்றி வைத்துக் காத்திருப்பது பழைய தந்திரம். வந்தவர் முதலில் பானெட்டைத் தொட்டுப் பார்ப்பார், சூடாக இருந்தால் முகம் மாறும். சில்லென்றே இருக்கட்டும். சாவியைத் திருப்பியதும் காரின் பின்புறத்திலிருந்து டிக் டிக் டிக் என்று ஒரு சத்தம் வரும். அது எஸ்.யூ. பெட்ரோல் பம்ப். சத்தம் மெதுவாகி நின்றால் கார்பரேட்டர் நிரம்பிவிட்டது. நிற்காமல் படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தால் பெட்ரோல் வரவில்லை, அல்லது எங்கோ ஒழுகுகிறது. சத்தமே வரவில்லை என்றால் பம்பின்மேல் சுத்தியல் பிடியால் லேசாக ஒரு தட்டு, பெரும்பாலும் விழித்துக்கொள்ளும். சோக்கை முழுக்க இழுத்து ஸ்டார்ட் செய்து, இன்ஜின் பிடித்ததும் பாதி உள்ளே தள்ள வேண்டும். ஒவ்வொரு காருக்கும் அந்தப் பாதி எது என்பது வேறு வேறு, கைக்குத்தான் தெரியும். ஓடிச் சூடான பிறகு ஆயில் பிரஷர் மீட்டரைக் காட்டலாம். ஓட்டத்தில் 50 பவுண்டுக்கு மேல் நின்றால் வந்தவர் சந்தோஷமாகத் திரும்புவார்.

இதெல்லாம் புத்தகத்தைப் படித்துக் கைக்கு வருகிற விஷயமில்லை, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர வேண்டியது. கூரையைக் குளிரில் மடக்கக் கூடாது, பின்னால் உள்ள பிளாஸ்டிக் ஜன்னல் வெடித்துவிடும். முன் சக்கரத்து கிங்பின்னுக்கு கிரீஸ் அடிக்க மறந்தால் ஸ்டீயரிங் கல்லாகிவிடும். கார்பரேட்டர் தலையில் உள்ள பித்தளை மூடியைத் திருகி அவ்வப்போது ரெண்டு சொட்டு ஆயில் விட வேண்டும். விற்பவர் நடமாட்டத்தோடு இருக்கிற காலத்தில் விற்றால் இந்த அறிவும் காரோடு சேர்ந்து போகும். ஷெட்டில் நிறுத்திவிட்டுக் காலமானால் கார் மட்டும்தான் போகும்.

விலை பேசும்போது இரண்டு பேர் வருவார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கேட்ட விலைக்கு ஒத்துக்கொள்கிறார், ஏ.சி. போட்ட கிடங்கில் மற்ற கார்களோடு நிறுத்தி வைப்பதாகச் சொல்கிறார். இன்னொருவர் ஐந்நூறு பவுண்டு குறைத்துக் கேட்கிறார். ஞாயிற்றுக்கிழமை தோறும் மகளைக் கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்கிறார். நானாக இருந்தால் இரண்டாமவருக்குத்தான் கொடுப்பேன். வியாபார புத்தி இல்லை என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

பணம் வங்கிக் கணக்கில் ஏறியதைச் சரிபார்த்த பிறகே சாவி. வி5சி என்ற பதிவுப் புத்தகம் உரிமைப் பத்திரம் ஆகாது, காரை யார் பெயரில் வைத்திருக்கிறார்கள் என்பதற்கு மட்டுமே அத்தாட்சி. ஆகவே இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட ரசீது தனியாக வேண்டும். புதியவருக்கான பச்சைச் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, கைமாறிய விவரத்தை அன்றே இணையத்தில் பதிந்துவிட வேண்டும். இல்லையென்றால் அடுத்த வாரம் வேக அபராதம் பழைய முகவரிக்கு வரும்.

ஷெட்டின் பின்பக்க அலமாரியையும் காலி செய்து கொடுத்துவிடுவது நல்லது. பழைய கார்பரேட்டர், எண்ணெய்க் கறை படிந்த ஒர்க்‌ஷாப் மேனுவல், பாதி தீர்ந்த டச்சப் பெயின்ட் டப்பா, எதற்கென்று மறந்துபோன பிராக்கெட்டுகள். தனியாக விற்றால் நாலு காசு பெயராது. காரோடு போனால் என்றைக்காவது உதவும். ஸ்போக் வீல் கார் என்றால் அலமாரி மூலையில் ஒரு செம்புத் தலைச் சுத்தியல் கிடக்கும். சக்கரத்தின் நடுநட்டை அதனால் அடித்துத்தான் கழற்ற முடியும். அதைக் கொடுக்க மறந்தவருக்கு, முதல் பஞ்சர் அன்று மழையில் சாலையோரம் நிற்கும் புது உரிமையாளரிடமிருந்து போன் வரும்.